உங்க வீட்டுக் குப்பை யார் வீட்டுப் பக்கம் போகுது?

காலையில குப்பை வண்டியில கவரைப் போட்டதும் நம்ம வேலை முடிஞ்சுது. அது எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 'சுற்றுச்சூழல் நீதி'ங்கிற பேச்சு அமெரிக்காவில் சூடுபிடிச்சதே இந்தக் கேள்வியிலதான்.

1982. வடக்கு கரோலினாவில் சாலையோரம் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட பி.சி.பி நச்சு கலந்த மண்ணைப் புதைக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுன்ட்டி. அங்கே பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். லாரிகளை மறிச்சு மக்கள் ரோட்டிலேயே படுத்தாங்க. 500 பேருக்கு மேல் கைது. ஆனாலும் மண் அங்கேதான் புதைக்கப்பட்டது. அந்த நஞ்சை நீக்கி முடிக்க 20 வருஷத்துக்கும் மேல ஆச்சு!

நியூசிலாந்தில் கதையே வேற. வாங்கனுய் நதியை அங்குள்ள மவோரி மக்கள் தங்கள் மூதாதையாகவே பார்க்கிறாங்க. 2017-ல் அந்த நதிக்குச் 'சட்டப்படியான நபர்' (legal person) என்ற உரிமைகள் கிடைச்சது. தாத்தாவுக்காக வழக்காடுற மாதிரிதான் அவங்களுக்கு அது.

நம்ம எண்ணூர்ல இது சோத்துப் பிரச்னை. கழிமுகத்தில் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது. வலை, படகு எல்லாம் கறுப்பு. மீனவர்கள் கேட்டது நதியின் உரிமையை இல்லை, இறால் திரும்ப வருமாங்கிறதை. அமெரிக்காவில் நிறம்னா, இங்கே சாதியும் தொழிலும். இதை நாமதான் சத்தமா பேசுறதில்லை.

சென்னைவாசியா நீங்க? மேப்பைத் திறந்து கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக்கிடங்குகளைத் தேடுங்க. அப்படியே ஜூம் பண்ணி, சுத்தி இருக்கிற வீடுகளையும் பாருங்க.