தொழுநோயும் டி அணுக்களும்

செலாயாங்கிலிருந்து கெப்போங்கைக் கடந்து மேற்கே சில கல் தொலைவு சென்றால் சுங்கை பூலோவை அடையலாம். அங்கே 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளர்க்கென ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. வீடுகள், பள்ளி, வழிபாட்டிடங்கள் ஆகிய யாவும் அப்பள்ளத்தாக்கில் இருந்தன. ஆயினும் அங்கு வாழ்ந்தோர் தம் விருப்பால் வந்தவர் அல்லர். நோய் கண்டவரைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அங்குப் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். ‘தொட்டால் ஒட்டிக்கொள்ளும்’ என்னும் அச்சமே இத்தனைக்கும் காரணம்.

அவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு? மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பேர், தொழுநோய்க் கிருமி உடலிற் புகுந்தாலும் நோயுறுவதில்லை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவர்களைக் காப்பனவற்றுள் தலையாயவை டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களே.

இவ்வணுக்கள் எலும்பு மச்சையில் தோன்றுகின்றன. ஆனால் அங்கே முதிர்வதில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்திற்குச் சற்று மேலே, தைமஸ் என்னும் சுரப்பி உள்ளது. அங்குச் சென்றே அவை பக்குவம் அடைகின்றன. ஆங்கிலத்தில் தைமஸ் என்னும் சொல்லின் முதல் எழுத்தே இவற்றிற்குப் பெயராயிற்று. இச்சுரப்பியால் பயன் ஏதும் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1961ஆம் ஆண்டில் லண்டனில் ஜாக் மில்லர் என்னும் அறிஞர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை எளிதில் நோய்க்கு இரையாயின. வேற்று எலியின் தோலை ஒட்டினாலும் அதை அயலது என்று தள்ளவில்லை. தைமஸின் அருமை அதன்பின் விளங்கிற்று.

தைமஸில் டி அணுக்களுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. கிருமி புகுந்த அணு, அக்கிருமியின் துணுக்கைத் தன் மேற்பரப்பிலுள்ள அடையாளப் பொருளின்மீது ஏந்திக் காட்டும். அவ்வடையாளத்தைப் படிக்க இயலாத டி அணு பயனற்றது, அது மடிகிறது. இது முதல் தேர்வு. சொந்த உடலையே பகையெனக் கருதிப் பாய முற்படுவதும் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகிறது. இது இரண்டாம் தேர்வு. இரண்டிலும் தேறி வெளிவருவன நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே.

தேறியவற்றுள் சில, கிருமி குடிகொண்ட அணுக்களைக் கொல்லும். சில, பிற காவல் அணுக்களை ஏவி உதவும். இன்னும் சில, காவல் எல்லை மீறாதபடி அடக்கும். இவ்வடக்கும் அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே ஜப்பானியரான சகாகுச்சியும் அமெரிக்கரான பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய இருவரும் 2025ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர்.

இனித் தொழுநோய்க்கு வருவோம். 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த இக்கிருமி, விழுங்கணுக்களின் உள்ளேயும் நரம்பைப் போர்த்திய அணுக்களின் உள்ளேயும் ஒளிந்து வாழ்வது. குருதியில் உலவும் எதிர்ப்பொருள்கள் அங்கே சென்று எட்டா. உதவும் டி அணுக்கள் இண்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து விழுங்கணுவைத் தூண்டினால்தான், அது தன்னுள் இருக்கும் கிருமியை அழிக்கும்.

ஒரே கிருமி ஒருவரிடம் ஒருவகையாகவும் மற்றொருவரிடம் வேறுவகையாகவும் நோய் விளைப்பது இதனாலேயே. டி அணுக்கள் வீறுடன் எழுந்தவர்க்குத் தோலில் ஓரிரு திட்டுகளே தோன்றும். கிருமிகளும் மிகச் சில. அவை இக்கிருமியைக் கண்டும் வாளாவிருந்தவர்க்கோ உடலெங்கும் கிருமிகள் கோடி கோடியாகப் பெருகும். எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தும் பயனில்லை. நோயாளருட் பலர் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டவர்.

இதனை எலிகளிடத்து மெய்ப்பித்த ஆராய்ச்சியாளர் ஒருவர் சுங்கை பூலோவுடன் தொடர்புடையவர். 1964ஆம் ஆண்டில் அங்குப் பணியாற்றிய மருத்துவர் பெட்டிட்டும் லண்டன் அறிஞர் ரீசும் சேர்ந்து, அக்காலத்துத் தலையாய மருந்தான டாப்சோனுக்குக் கிருமி பணியாமற் போவதை எலிகளின் பாதத்தில் கிருமியை வளர்த்து நிறுவினர். 1966இல் ரீஸ், தைமஸ் அகற்றிக் கதிர்வீச்சும் செலுத்திய எலிகளில் அதே கிருமியைச் செலுத்தினார். இயல்பான எலியில் ஓரளவோடு நின்றுவிடும் கிருமி, இவற்றில் பன்மடங்கு பெருகிற்று.

காவலுக்கும் ஒரு விலை உண்டு. நரம்பினுள் இருக்கும் கிருமியை டி அணுக்கள் தாக்கும்போது நரம்பும் வீங்கிக் கெடுகிறது, உணர்ச்சி மறைகிறது. சூடும் கீறலும் தெரியாமையால் புண் மிகுந்து விரல்கள் குறைகின்றன. 1946 முதல் வேலூரில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வற்புறுத்திய உண்மை இது. சிகிச்சையின் நடுவே திட்டுகள் சிவந்து நரம்புகள் வலிப்பதும் உண்டு. மருந்து தீங்கு செய்தது என்று எண்ணிச் சிலர் அதனை நிறுத்திவிடுவர். அது பெரும்பிழை. அது டி அணுக்களின் சீற்றமே. உடனே மருத்துவரிடம் சென்றால் நரம்பைக் காக்கலாம்.

1969ஆம் ஆண்டில் நாடு தழுவிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் கட்டாயப் பிரிவினை மறைந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகள் நோயை முற்றும் குணப்படுத்துகின்றன. சிகிச்சை தொடங்கிய சின்னாளிலேயே நோய் பிறர்க்குப் பரவும் ஆற்றலை இழக்கிறது.

ஆதலின், வகுப்பில் ஒரு குழந்தையின் தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற திட்டைக் காணும் ஆசிரியர், அக்குழந்தையை விலக்கி அமர்த்த வேண்டுவதில்லை. மருத்துவ நிலையத்திற்கு அனுப்பினால் போதும். வேலி கட்டிப் பிரித்த காலத்திலும் பெரும்பாலோரைக் காத்தது அவ்வேலி அன்று. அவரவர் உடலுள் நின்ற காவலே.