தட்டிப் பார்த்து வாங்காதீர்கள்: பிக்கப் வண்டிக்கு ஒரு டூல் பாக்ஸ்

டூல் பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் செய்யும் காரியம், குடம் வாங்குவதுபோல அதை விரலால் தட்டிப் பார்ப்பது. சத்தம் கனமாகக் கேட்டால் தகடு தடிமன். இனி திருடனும் மழையும் உள்ளே வர முடியாது என்று ஒரு திருப்தி. ஆனால் திருடன் தகட்டைக் கிழித்துக்கொண்டு வருவது அபூர்வம். மழை தகட்டைத் துளைத்து வருவதே இல்லை. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: மூடியின் விளிம்பு, தாழ்ப்பாள், பூட்டுத் துளை, பெட்டியை வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட். விலைச்சீட்டில் தகட்டைப் பற்றி நான்கு வரி இருக்கும். இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இந்தப் பெட்டிகளின் சொந்த ஊர் அமெரிக்காவும் கனடாவும். அங்கே தச்சர், எலக்ட்ரீஷியன், கூரை போடுகிறவர், பண்ணைக்காரர் என்று பலருக்கும் ஃபோர்ட் எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ, ராம் 1500 போன்ற பிக்கப்தான் நடமாடும் பட்டறை. பின்னால் இருக்கும் திறந்த தொட்டியை 'பெட்' என்கிறார்கள். டெயில்கேட்டைப் பூட்டினாலும், பக்கச் சுவருக்கு மேலே கையை நீட்டி எதையும் எடுத்துவிடலாம். டாலஸிலோ டொரன்டோவிலோ சொந்தமாக வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் தமிழருக்கும் இதே கவலைதான்.

பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதிகம் கண்ணில் படுவது கிராஸ்ஓவர் வகை: கேபினுக்குப் பின்னால், இரண்டு பக்கச் சுவர்களின் மேலும் காலை ஊன்றிக் குறுக்கே கிடக்கும். இதில் பல மாடல்கள் தொட்டியின் தரையைத் தொடாமல் தொங்கும். 8 அடி பெட் வைத்திருப்பவருக்கு அந்த இடைவெளி பெரிய வரம். 4 அடிக்கு 8 அடி பிளைவுட்டைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு டெயில்கேட்டையும் மூடிவிடலாம். ஐந்தரை அடி பெட் என்றால் கதை வேறு. பெட்டியே ஒன்றரை அடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள், ஃப்ரிட்ஜ் ஏற்றுகிறவருக்கு இடம் போதாது. அப்படிப்பட்டவருக்குப் பக்கச் சுவரோடு ஒட்டிய நீளமான சைடு பாக்ஸ் பொருந்தும். அதில் குனியாமல், வண்டிக்குள் ஏறாமல் கருவியை எடுக்கலாம் என்பது முதுகுவலிக்காரர்களுக்குக் கூடுதல் வசதி. தரையில் போல்ட் போட்டு வைக்கும் செஸ்ட் வகையும் உண்டு. இடம் அதிகம், ஆனால் அடியில் கிடக்கும் ஸ்பேனரைத் தேட மேலே இருப்பதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும்.

உயரத்தையும் பாருங்கள். கேபினின் பின் கண்ணாடிக்கு மேலே ஒரு பிரேக் விளக்கு இருக்கும். அமெரிக்காவில் 1994 மாடலிலிருந்து பிக்கப்களுக்கு அது கட்டாயம். பெட்டியோ அதன்மேல் கட்டிய ஏணியோ அதை மறைக்கக் கூடாது. பின்னால் வருகிறவருக்கு அந்த விளக்கும், கண்ணாடி வழியே உங்களுக்குப் பின்பக்கமும் தெரிய வேண்டும். மூடி தாழ்வாக அமைந்த 'லோ புரொஃபைல்' பெட்டிகள் இதற்காகவே வருகின்றன. தொட்டிக்கு மேல் டோனோ கவர் போட்டிருந்தால், பெட்டியும் கவரும் ஒன்றுக்கொன்று இடமளிக்குமா என்று டேப் வைத்து அளந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஃகு கனம், உறுதி, விலை குறைவு. பெயின்ட் கீறிய இடத்தில் துருப்பிடிக்கும். அலுமினியம் அதே அளவில் எஃகின் மூன்றில் ஒரு பங்கு எடைதான், செந்துரு பிடிக்காது. ஆனால் வளைப்பதும் எளிது. பிளாஸ்டிக் துருவே பிடிக்காது. கடும் வெயிலில் மூடி நெளிந்து விளிம்பில் இடைவெளி விழும், ரம்பத்துக்கும் தாங்காது. தோட்டக் கருவிகள், கயிறு, தார்ப்பாய் வைக்க அது போதும். விலை உயர்ந்த ட்ரில் வைக்கப் போதாது. பளபளக்கும் வைரக்கட்ட வேலைப்பாடு பெட்டிக்கு அழகு, கீறலை மறைக்கும். அதைப் பார்த்துத் திருடன் பயப்பட மாட்டான்.

இதில் ஒரே ஒரு தந்திரத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தகட்டின் தடிமனை 'கேஜ்' எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். ஆனால் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கேஜ் கணக்கு ஒன்றல்ல. 14 கேஜ் எஃகுத் தகடு ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர்; 14 கேஜ் அலுமினியமோ 1.6 மில்லிமீட்டர்தான். போதாக்குறைக்கு, ஒரே தடிமனில் அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பெட்டிகளிலும் '14' என்று போட்டிருக்கிறதே என்று சமமாக எண்ணிவிட வேண்டாம். கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரிலோ அங்குலத்திலோ கேளுங்கள். அலுமினியப் பெட்டியானால், மூடிக்குள் ஃபோம் நிரப்பியோ குறுக்குப் பட்டை வைத்தோ விறைப்பாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி தண்ணீர். 'வெதர்ப்ரூஃப்' என்று யார் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் ஒட்டலாம். ஐபி எண் இருந்தால் அதற்கு அளவுகோல் உண்டு. ஐபி65 என்றால் முதல் எண் தூசு நுழையாது என்பதற்கு, இரண்டாவது எண் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கு. 7 என்று முடிந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். கையில் தூக்கிச் செல்லும் அடுக்குப் பெட்டிகள் சிலவற்றில் இந்த எண்ணைக் காணலாம். வண்டியில் பொருத்தும் ஐந்தடி, ஆறடி நீளப் பெட்டிகளில் பெரும்பாலும் காண முடியாது. அவ்வளவு நீளமான மூடியின் விளிம்பு முழுவதையும் ஒரே அழுத்தத்தில் பிடித்து வைப்பது கடினமான வேலை.

நல்ல பெட்டியும் ஏன் ஒழுகுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாள் முழுக்க வெயிலில் நின்ற பெட்டியின் உள்ளே 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறலாம். அந்த நேரத்தில் இடியுடன் மழை பிடிக்கிறது. மூடி சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரிக்கு இறங்கினால் அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் சுருங்கும். 300 லிட்டர் காற்று இருந்தால் 27 லிட்டர் அளவுக்கு வெளியிலிருந்து இழுக்கும். அந்த நேரத்தில் மூடியின் விளிம்பில் தேங்கி நிற்பது மழைத் தண்ணீர். பெட்டி காற்றோடு சேர்த்து அதையும் உறிஞ்சிவிடும். ஆகவே தண்ணீர் விளிம்பில் தேங்கவே கூடாது. மூடி வெளிப்பக்கமாக நன்கு இறங்கி மூட வேண்டும்; பெட்டியின் வாய் உள்பக்கம் ஒரு வரப்பாக மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்க வேண்டும்; கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அந்த வரப்பின்மேல் உட்கார வேண்டும். தட்டையான விளிம்பில் ஒட்டிய ஸ்பான்ஜ் பட்டையைவிட, உள்ளே குழாய்போல் வெற்றிடம் உள்ள ரப்பர் கேஸ்கெட் நல்லது. ஸ்பான்ஜ் சில கோடைகளில் அமுங்கிப்போய் மீண்டும் எழாது. கேஸ்கெட்டை ஒட்டியிருக்கிறார்களா, கழற்றி மாட்டும்படி செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். செருகியதாக இருந்தால் பின்னால் புதிது வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கடையிலேயே ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியைப் பூட்டுங்கள், காகிதத்தை இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் பிடிக்கவில்லை. மூலைகளிலும் தாழ்ப்பாளுக்கு நடுவிலும் இதைச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்தபின் இரவில் ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே தண்ணீரும் கசியும். மறக்காமல் பூட்டுத் துளையையும் கவனியுங்கள். பலரும் கேஸ்கெட்டைக் குறை சொல்லும் ஒழுக்கு உண்மையில் தாழ்ப்பாள் கைப்பிடியைச் சுற்றி வருவது.

மழையே இல்லாமலும் உள்ளே ஈரம் கட்டும். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். 300 லிட்டர் பெட்டியில் ஓர் இரவில் படியும் நீர் ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். எனவே சிலிகா ஜெல் பொட்டலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுவதைவிட, நனைந்த கயிறு, ஈரக் கையுறை, பனி ஒட்டிய செயின் இவற்றை உள்ளே போட்டுப் பூட்டாமல் இருப்பது மேல். அவை சேர்க்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்றின் ஈரம் ஒன்றுமே இல்லை. ஒழுகாத பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: உள்ளே போன ஈரம் வெளியேயும் போகாது. காய்ந்த நாளில் மூடியை அரை மணி நேரம் திறந்து வையுங்கள்.

திருடனுக்கு வருவோம். அவனுக்கு வேண்டியது நேரம் குறைவாக, சத்தம் குறைவாக வேலை முடிவது. கடப்பாரையை மூடியின் ஒரு மூலையில் செருகி நெம்புவதுதான் பழகிய வழி. நடுவில் ஒரே தாழ்ப்பாள் உள்ள நீள மூடி என்றால் மூலை எளிதில் தூக்கும். கடையில் மூடியைப் பூட்டிவிட்டு மூலையைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்குத் தூக்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டு முனையிலும் தாழ்ப்பாள் இருந்து, இரண்டையும் ஒரே கைப்பிடி ஒரு கம்பி வழியாக இயக்கும் அமைப்பு நல்லது. நடுவில் கீல் வைத்து இருபக்கமும் இறக்கைபோல் திறக்கும் கல்-விங் மூடியில் ஒவ்வொரு மூடியும் சின்னது. நெம்புவதற்குப் பிடி குறைவு. வெளியே துருத்தி நிற்கும் கைப்பிடியைச் சுத்தியலால் ஓர் அடி அடித்தால் பூட்டு விட்டுவிடும். தகட்டுக்குள் குழிவாகப் பதிந்த கைப்பிடியோ பொத்தானோ அதைவிடத் தாங்கும்.

சாவியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. மலிவான பூட்டுகளில் சாவி வகைகள் மிகக் குறைவு. கேம்பர் வண்டிகளின் சாமான் அறைகளில் சிஎச்751 என்ற ஒரே சாவி எண்ணைத் திரும்பத் திரும்பக் காணலாம். அந்தச் சாவியை யாரும் வாங்கலாம். டூல் பாக்ஸ் பூட்டின் முகத்திலேயே எண் பொறித்திருந்தால், ஒரு புகைப்படம் போதும், அதே சாவியை வாங்கிவிடலாம். வாங்கியவுடன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பூட்டிலிருந்து தேய்த்து அழித்துவிடுங்கள். வண்டிச் சாவியாலேயே திறக்கும் பூட்டும் கிடைக்கிறது. ஸ்ட்ராடெக் நிறுவனத்தின் 'போல்ட்' என்ற பெயருள்ள பூட்டில் முதல்முறை சாவியைப் போட்டுத் திருப்பும்போது, உள்ளே உள்ள தகடுகள் அந்தச் சாவியின் வெட்டுக்கு ஏற்றபடி நிலைத்துவிடும். அதன்பிறகு வேறு சாவிக்குத் திறக்காது. சாவிக்கொத்து இளைக்கும் என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

இவ்வளவு பார்த்தும் கடைசியில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனால்? கிராஸ்ஓவர் பெட்டிகளைப் பெரும்பாலும் 'ஜே' வடிவக் கொக்கிபோல்ட்டால், துளை போடாமல், பக்கச் சுவரின் உதட்டோடு இறுக்குவார்கள். நட்டு பெட்டிக்குள் இருப்பதால் மூடி பூட்டியிருக்கும்வரை அதைக் கழற்ற முடியாது. ஆனால் வண்டி குலுங்கிக் குலுங்கி நட்டு தளரும். பொருத்திய சில வாரங்களில் ஒருமுறையும், பிறகு டயர் மாற்றும்போதெல்லாமும் இறுக்குங்கள். அதைவிட உறுதி வேண்டுமானால் சுவரில் துளையிட்டு நேர் போல்ட் போட வேண்டும். துளையின் வெட்டு விளிம்பில் பெயின்ட் பூசாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எஃப்-150 வைத்திருப்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். 2015 மாடலிலிருந்து அந்த வண்டியின் உடல் அலுமினியம். எஃகுப் பெட்டியோ எஃகுக் கொக்கியோ அதன்மேல் நேரடியாகப் பட்டு, நடுவே உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிபடுவது அலுமினியம். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஒன்டாரியோ, மிச்சிகன், ஓஹாயோ பக்கங்களில் இது வெகு சீக்கிரம் தெரியும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் பட்டை, போல்ட்டுக்கு நைலான் வாஷர் வைத்தால் உலோகங்கள் தொடாது. செலவு சில டாலர்.

புது வண்டியே வாங்குவதாக இருந்தால் பெட்டி தேவையா என்றும் கேட்கலாம். 2009 மாடலிலிருந்து ராம் பிக்கப்பில் பக்கச் சுவருக்குள்ளேயே பூட்டும் அறைகள் விருப்பத் தேர்வாகக் கிடைத்தன. ஹோண்டா ரிட்ஜ்லைனில் தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டும் டிக்கி உண்டு, தண்ணீர் வடிய அடியில் அடைப்பானும் உண்டு. மின்சார எஃப்-150 லைட்னிங்கில் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் அறை இருந்தது. தெருவில் போகிறவர் கண்ணுக்கு இவை எதுவும் டூல் பாக்ஸாகத் தெரியாது என்பது இவற்றின் பலம்.

பெட்டி வந்து சேர்ந்ததும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படியுங்கள். ஆட்களும் சுமையும் சேர்த்து வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கும். பெட்டியும் உள்ளே இருக்கும் இரும்பும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

லித்தியம் பேட்டரிகளை மட்டும் பெட்டிக்குள் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். தயாரிப்பாளர்கள் பலர் 40, 50 டிகிரிக்கு மேல் அவற்றை வைக்க வேண்டாம் என்கிறார்கள். கோடையில் கறுப்புப் பெட்டி அந்த எல்லையை மதியத்துக்குள் தாண்டிவிடும். பனிக்காலத்தில் உறைந்த பேட்டரியைச் சார்ஜரில் போடவும் கூடாது. பெட்ரோல் கேன் பெட்டிக்குள் போகவே வேண்டாம். இறுக்கமாக மூடும் பெட்டியில் ஆவி தேங்கி நிற்கும். பங்கில் கேனை நிரப்பும்போதும் அதைத் தொட்டியில் வைத்தபடி நிரப்பாமல், இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட தொட்டியில் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழி இருக்காது. ஒரு பொறி போதும்.