செருகுநிரல்களும் பொய்வேண்டுகோளும்

இணையதளம் நடத்துவோர் பலர் வேர்டுபிரஸ் போன்ற அமைப்புகளைக் கைக்கொண்டு, அவற்றில் இல்லாத வசதிகளைச் செருகுநிரல்களாற் சேர்த்துக்கொள்வர். பிறதளத்துப் படமொன்றைக் கொணர்வதும், இணைப்பைக் கொடுத்தவுடன் அப்பக்கத்தின் முன்தோற்றத்தைக் காட்டுவதும் அவற்றுட் சிலவற்றின் தொழில். முகவரியைக் கொடுப்பவர் வாசகர். அவ்விடஞ் சென்று பொருளைக் கொணர்வதோ சர்வர் எனப்படும் வழங்கி. எஸ்.எஸ்.ஆர்.எஃப் என்னுங் குற்றம் புகும் வழி இதுவே. அதனை வழங்கிவழிப் பொய்வேண்டுகோள் என்பாம்.

கோட்டைவாயிற் காவலர் அயலானைத் தடுப்பர். உள்ளே திரியும் ஏவலாளனைத் தடுப்பாரிலர். அயலான் சீட்டொன்றெழுதி அவன் கையிற் கொடுத்துவிட்டால், கருவூலக் கதவும் திறக்குமன்றோ? வழங்கியும் அத்தகைய ஏவலாளனே. 127.0.0.1 என்பது கணினி தன்னையே சுட்டும் முகவரி, 192.168 எனத் தொடங்குவன உள்வலைக்குரியன. வாடகைக்கு விடப்படும் மேகக்கணினிகள் பலவற்றில் 169.254.169.254 என்னும் முகவரி, அக்கணினிக்குரிய தற்காலிகச் சாவிகளையே தரவல்லது. வெளியார் அணுகவொண்ணாத இவற்றை, செருகுநிரல் ஆராயாது வேண்டிக் கொணர்ந்து கொடுத்துவிடும். பணிவே இங்குப் பழுதாகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. வேர்டுபிரஸிலேயே, பிறதளத்தார் நம் கட்டுரையைச் சுட்டியதை அறிவிக்கும் பிங்பேக் என்னும் வசதியில் இக்குறை இருந்தது. 2013 ஜனவரியில் வந்த 3.5.1ஆம் பதிப்பு அதனைத் திருத்தியது. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நேர்ந்தது பெருங்கேடு. ஆங்குப் பழுதுற்றது செருகுநிரலன்று, பிழைபட அமைத்த ஓர் அரண்மென்பொருள்; சூழ்ச்சியோ இதுவே. அவ்வழிப் பெற்ற சாவியால் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடி பேர், கனடாவில் 60 லட்சம் பேருடைய விவரங்கள் களவுபோயின. கடனட்டை வேண்டி விண்ணப்பித்ததன்றி அவர்கள் செய்த பிழை யாது?

உள்முகவரிகளின் எண்களை விலக்கினாற் போதுமென்றே யாமும் முதலில் எண்ணினேம். அது போதாது. நல்லதொரு பெயரைப் பதிந்து, அப்பெயர் 127.0.0.1ஐச் சுட்டுமாறு செய்யலாம். அன்றி, வெளித்தளத்திற்கு வந்த வேண்டுகோளை அங்கிருந்து உள்ளே திருப்பியும் விடலாம். ஆதலின் பெயர் எவ்வெண்ணாக முடிகின்றது என்பதையும், திருப்பப்படுந்தோறும் சேருமிடத்தையும் நோக்குதல் வேண்டும். வேர்டுபிரஸில் இதற்கென இருவகைச் செயற்கூறுகள் உள. ஒருவகை சொன்னவிடத்திற்கே செல்லும். ‘சேஃப்’ என்னும் அடைபெற்றது ஒவ்வொரு முகவரியையும் சோதித்தே செல்லும். வாசகர் தந்த முகவரிக்கு முன்னதை எழுதிவிடுவதே செருகுநிரல் இயற்றுவோர் பலர் செய்யும் பிழை.