கொற்கை முதல் ஜெனீவா வரை – 9: தலைக்கு ஓர் ஓட்டு

கடல் விலகிய கொற்கையை விட்டுத் துறைமுகம் காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்த கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் சென்னைக் காசநோய் ஆய்வு என்று சொல்லியிருந்தேன். அது ஒரு வாரம் பொறுக்கட்டும். கப்பல் வழியே பரவும் நோய்களைத் தடுப்பது பற்றி நாடுகள் கூடிப் பேசிய 1851 பாரிஸ் சுகாதார மாநாடு என்னைப் பிடித்துக்கொண்டது.

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அந்த ஆண்டு தெரியும். சமூக மருத்துவத்துக்கு அவர்கள் படிக்கும் 'பார்க்' புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் உள்ளே நடந்ததை யாராவது வகுப்பில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாடுகள், நாட்டுக்கு ஒரு டாக்டர், ஒரு ராஜதந்திரி. ஓட்டு நாட்டுக்கு இல்லை, தலைக்கு! ஒரே நாட்டு டாக்டர் ஒரு பக்கமும் தூதர் எதிர்ப்பக்கமும் ஓட்டுப் போடலாம். நோயைத் தடுக்க நினைப்பவரும் சரக்குக் கப்பல் தாமதமாகக் கூடாது என்பவரும் ஒரே மேசையில், சம உரிமையோடு. இத்தனை நேர்மையான ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை. இத்தாலி அன்று ஒரே நாடாக இல்லை. சார்டினியா, டஸ்கனி, போப்பின் அரசு, இரு சிசிலிகள் என்று நான்கு அரசுகள் வந்தன. நாட்டுக்கு இருவர் கணக்கில் அவர்களுக்கு மட்டும் எட்டு ஓட்டு. 1859இல் மறுபடி கூடியபோது டாக்டர்களைக் கூப்பிடவே இல்லை. நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை 1892இல், வெனிஸில்தான் கிடைத்தது.

இந்தியாவுக்கு ஓட்டு ஏது? பிரிட்டன் பேசியது. 1866 கான்ஸ்டான்டிநோபிள் மாநாடு காலராவின் பிறப்பிடம் இந்தியா என்று முடிவு செய்தது. அதற்குப் பிறகு சந்தேகம் முழுவதும் நம் கப்பல்கள் மேல், அதில் ஏறிய நம் ஆட்கள் மேல்.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் போகிறவர்கள் தட்டப்பாறை என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிவந்த குடும்பங்களை இலங்கை அரசு அங்கே முகாமில் நிறுத்திவைத்தது. வாந்திபேதி இல்லையென்று பார்த்து, அம்மை குத்தி, பிறகுதான் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்ததும் மண்டபம் முகாம் பெரிதானது. ரயில் நிலையத்துக்கு இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர். இந்திய மண்ணில் இன்னோர் அரசின் சுகாதாரக் காவல்! உலக சுகாதார ஆளுகை பற்றிய பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் என்ன உதாரணம் வேண்டும்? பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்களைத் தட்டப்பாறைக்கு ஒருநாள் அழைத்துப் போய், பாரிஸை அங்கே வைத்து நடத்தலாம்.

அடுத்த வாரம் காசநோய், தள்ள மாட்டேன். 1956இல் சென்னையில் தொடங்கிய மையத்தில் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமான செய்தி 1959இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து டெல்லியில் கூடிய உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைவர் நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அவரிடமிருந்தே தொடங்குவோம்.

(தொடரும்)