செய்திக்கு இரண்டு தேதி

கசிந்து வந்த அரசு ரகசியம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதி உண்டு. காகிதம் நிருபர் கைக்கு வந்த நாள் ஒன்று. அச்சேறிய நாள் இன்னொன்று. பனவடலிசத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி பேப்பரைப் பிரிப்பவருக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். இடைப்பட்ட நாட்களில் என்ன நடக்கிறது?

திருமங்கலம் இடைத்தேர்தல் 2009 ஜனவரியில் நடந்தது. காலைப் பேப்பருக்குள் உறை வைத்து வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் அந்த ஆண்டு மே மாதம் வாஷிங்டனுக்கு எழுதியது. விக்கிலீக்ஸ் வழியாகக் கிடைத்த, இந்தியா பற்றிய சுமார் 5,100 குறிப்புகளில் அதுவும் ஒன்று. ‘தி இந்து’ அந்தத் தொடரை 2011 மார்ச் 15-ல் தொடங்கி, மறுநாளே திருமங்கலத்தை எடுத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 13. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை, தப்பென்றும் சொல்லமாட்டேன். ஓட்டுப் போட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

தாமதத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. தாள் போலியா என்று பார்க்க வேண்டும்: கையெழுத்து, தேதி, கோப்பு எண், அந்த வாரம் அந்த அதிகாரி எங்கே இருந்தார் என்பது வரை. 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் பாயுமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வியட்நாம் போர் பற்றிய ‘பென்டகன் ஆவணங்களை’ மூன்று மாதம் போல உள்ளேயே வைத்துப் படித்துவிட்டு, 1971 ஜூன் 13-ல் வெளியிட ஆரம்பித்தது. மூன்றாம் நாளே நீதிமன்றம் தடை போட்டது. ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம், 6-க்கு 3 என்று, பத்திரிகைகள் பக்கம் தீர்ப்பளித்தது.

இன்னொரு காரணம் தந்திரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் அரசு ஒரே மறுப்பில் முடித்துவிடும். தவணையாகக் கொடுத்தால், இன்றைய மறுப்பை நாளைய ஆவணம் உடைக்கும். ஆனால் தவணை இரண்டு பக்கமும் வெட்டும். 2019 பிப்ரவரி 8-ல் ரஃபேல் போர் விமான பேரம் பற்றிய பாதுகாப்பு அமைச்சகக் குறிப்பு ஒன்று ‘தி இந்து’வில் வந்தது. குறிப்பு எழுதப்பட்டபோது அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அதே தாளில் எழுதியிருந்த பதில், அச்சான படத்தில் இல்லை. முழுத் தாளும் அன்றே வேறு வழியில் வெளியானது. பேச்சு ரஃபேலைவிட்டு நறுக்கிய படத்துக்குத் திரும்பியது.

காத்திருப்பின் விலையைப் பெரும்பாலும் பத்திரிகை கொடுப்பதில்லை. ஸ்வீடன் நிறுவனமான போஃபர்ஸுடன் இந்தியா செய்த பீரங்கி பேரம் 1,437 கோடி ரூபாய். லஞ்சம் கைமாறியது என்று ஸ்வீடன் வானொலி 1987 ஏப்ரலில் சொன்னது. அடுத்த ஆண்டு முதல் ‘தி இந்து’ ஆவணங்களை வெளியிட்டது. ஐரோப்பாவில் இருந்து அவற்றைத் தேடிப்பிடித்தவர் சித்ரா சுப்ரமணியம். ஆவணங்களை அவருக்குக் கொடுத்தவர் யார் என்று 25 ஆண்டு வெளியே தெரியாது. 2012 ஏப்ரலில் கொடுத்தவரே முன்வந்தார்: ஸ்வீடன் போலீஸ் விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். சித்ராவுக்கு அளித்த பேட்டியில் அவர் பத்திரிகை மீதும் குறைபட்டார். போஃபர்ஸ் தலைவராக இருந்த மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்புதான் மிக முக்கியமானது. அது பத்திரிகையின் கைக்கு வந்தும் பல மாதம் கழித்தே அச்சானது. அதற்குள் தன் பெயர் டெல்லியில் அடிபட ஆரம்பித்துவிட்டது என்றார். சரிபார்க்க மாதங்கள் ஆகலாம்தான். ஆனால் அந்த மாதங்களில் ஆபத்தில் இருந்தவர் அவர்.

1989 அக்டோபரில், பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், ஸ்வீடன் கணக்குத் தணிக்கை அமைப்பின் போஃபர்ஸ் அறிக்கையில் மறைத்துவைக்கப்பட்டிருந்த பகுதியின் முதல் தவணை ‘தி இந்து’வில் வந்தது. தொடர்ச்சியை ஆசிரியர் ஜி. கஸ்தூரி நிறுத்தினார். இணை ஆசிரியர் என். ராம் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். சித்ரா ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பக்கம் போனார். போஃபர்ஸ் செய்திகள் அங்கே தொடர்ந்தன.