கருமந்தியாரைக் கண்டு வரலாம்!

சனி, ஞாயிறு லீவுக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? சிலர் ஆப்பிரிக்காவுக்கே போகிறார்கள், சிம்பன்ஸி பார்க்க! யுகாண்டா தேசத்துக் கிபாலே காட்டில், பல ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரம் அவற்றின் அருகே நிற்க அனுமதி.

நமக்கு அத்தனை தூரம் வேண்டாம். பழனிக்குத் தெற்கே, பாலசமுத்திரம் வரை வாருங்கள். எதிரே நிற்கிறதே மலை, அதன் மேலே நம் தூரத்து உறவினர் ஒருவர் வாசம் செய்கிறார்.

கருமந்தி என்று பெயர். சிம்பன்ஸிக்கு வாலே கிடையாது. இவருக்கோ உடம்பை விட நீளமான வால். மேனியெல்லாம் பளபளக்கும் கறுப்பு. தலைமுடி மட்டும் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம். குட்டி பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். இரண்டரை மாதத்தில் கறுத்துவிடும். குடகிலிருந்து தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஜாதி இல்லை.

பழனியிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறுங்கள். சுமார் 64 கிலோமீட்டர் மலைப்பாதை. வழியில் தின்பண்டத்தைத் தட்டிப் பறிக்கிற ஆசாமிகளைக் கண்டு, "இதுதானா?" என்று ஏமாந்து போகாதீர்கள். அவை சாதாரண நாட்டுக் குரங்குகள். கருமந்தியாரின் பிரதான ஆகாரம் இலை, தழை. அதை ஜீரணிக்கப் பசுமாட்டைப் போல அறை அறையாகப் பிரிந்த வயிறு!

குளிர் தட்டியதும், பெருமாள்மலைப் பக்கத்துச் சோலைகளில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆண் மந்தி "ஹூ... ஹூ..." என்று குரல் கொடுத்தால் பள்ளத்தாக்கின் மறுபக்கம் வரை கேட்கும். ஆனால் மனிதனைக் கண்டால் ஓட்டம்தான்.

ஓடாமல் என்ன செய்யும்? இளைப்புக்குக் கைகண்ட மருந்து என்று சொல்லி, 'கருங்குரங்கு லேகியம்' விற்ற காலம் ஒன்று இருந்தது. லேகியத்துக்கு மாமிசம், அது போதாதென்று தோலுக்கும் வேட்டை. குளிரில் நடுங்கிய மயிலுக்குப் பேகன் தன் போர்வையைக் கொடுத்த அதே மலைநாட்டில், ஒரு ஜீவனின் போர்வையையே உரித்தார்கள்! 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குச் சற்று மூச்சு விட முடிந்தது. 2013-ல் கொடைக்கானல் காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் சரணாலயமாயிற்று.

2025 அக்டோபரில் காலமான ஜேன் குடால் அம்மையார், 1960-ல் தமது 26-ஆவது வயதில் கோம்பே காட்டுக்குப் போனபோது, சிம்பன்ஸிகளும் அவரைக் கண்டு மாதக்கணக்கில் ஓடத்தான் செய்தன. அந்த அம்மாள் அத்தனை நாள் பொறுமையாகக் காத்திருந்தார். நாம் ஒரு காலை நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கூடாதா? டிரான்சிஸ்டரும் செல்போன் பாட்டும் வேண்டவே வேண்டாம்.

பழம், பிஸ்கோத்து எதுவும் நீட்டாதீர்கள். யாராவது காதோடு காதாக லேகியம் என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2024 மே மாதத்தில் வந்த ஏற்பாடு. ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி கையில் இருந்தால் நல்லது. ஸ்வெட்டர், கட்டாயம்!