முதல் வாரத்துக்கு முன்

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் ஏ4 வீதியில், பெலிஹுல்ஓயாவுக்குச் சற்று முன்பாக பம்பஹின்ன சந்தி வருகிறது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் அதுதான். 1995 நவம்பரில் நிறுவப்பட்டு 1996 பெப்ரவரியில் திறக்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்னவல, ரஸ்ஸகல பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு அது அண்டை ஊர். ஆனாலும் அவர்களில் பலர் அந்த வாசலை முதன்முதலாகத் தாண்டுவது தங்கள் பதிவு நாளில்தான். அதற்கு முன் உள்ளே போய்ப் பார்க்கக் காரணம் எதுவும் வாய்த்திருக்காது. அங்கே படித்தவர் என்று வீட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அதே வீதி இன்னும் கிழக்கே ஓடி, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைத் தொட்டு, மட்டக்களப்பில் போய் முடிகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து தெரிவாகிறவர்களில் சிலர் இந்த வழியே போகிறார்கள். வேறு சிலருக்குப் பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை. எங்கே போனாலும் முதல் சில நாட்களில் அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி காத்திருக்கும். அறிவித்தல்களில் அதன் பெயர் திசைமுகப்படுத்தல். மாணவர் வாயில் ஓரியன்டேஷன். உபவேந்தர் வரவேற்பார். பீடாதிபதி பாடத்திட்டத்தைச் சொல்வார். நூலகர், விடுதிப் பொறுப்பாளர், மருத்துவ நிலையத்தார், மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் பின் ஒருவராக மேடையேறுவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்டபத்தில் சொல்லப்படுவதில் பாதி, கேட்பவருக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுகிறது. அக்காவோ மாமாவோ பல்கலைக்கழகம் போய் வந்த வீட்டில் அந்தப் பாதி சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கிடைத்துவிடும். லயத்து வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கான திசைமுகப்படுத்தல், பதிவு நாளுக்கு வாரக்கணக்கில் முன்பே தோட்டத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

குடும்பத்தில் முதலாவதாக உயர்கல்விக்கு வருகிறவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதை உலகமும் மெல்ல மெல்லத்தான் கற்றது. அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழகம் 1888இலேயே புதுமுகருக்கான வகுப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால் இன்று பல நாடுகள் முன்மாதிரியாகக் கொள்வது தென் கரோலினாப் பல்கலைக்கழகம் 1972இல் தொடங்கிய ‘யுனிவர்சிட்டி 101’ என்ற பாடத்தை. அங்கே 1970இல் நடந்த மாணவர் கலவரத்துக்குப் பின், மாணவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நம்பிக்கையை வளர்ப்பதற்காகவே அது உருவானது. ஒரு நாள் விழாவாக இல்லாமல் ஒரு பருவம் முழுக்க நடக்கும் பாடம் அது. இந்தியாவில் காந்திநகர் ஐ.ஐ.டி. 2011இல் ஐந்து வார அறிமுகத் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. பின்னர் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வாரத் திட்டத்தை வகுத்தது. காலத்தை ஏன் இப்படி நீட்டினார்கள்? புதிய இடத்தில் பயம் தெளியாத பிள்ளையின் காதில் முதல் நாள் உரை ஏறுவதில்லை.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம்.

தெரிவு முறையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான துறைகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. எஹலியகொடையும் தெரணியகலையும் அடுத்தடுத்த ஊர்கள். லயங்களும் ஒரே மாதிரி, வறுமையும் ஒரே மாதிரி. ஆனால் முன்னது இரத்தினபுரி, பின்னது கேகாலை என்பதால் வெட்டுப்புள்ளி வேறு. மாவட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிள்ளை படித்த பாடசாலை என்பதையும் பெற்றோர் பலர் அறிவதில்லை. விஞ்ஞானம் படிக்கவென்று பிள்ளையை வெளி மாவட்டத்துக்கு அனுப்பும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பெறுபேறு வந்து, விண்ணப்பித்து, வெட்டுப்புள்ளி வெளியாகித் தெரிவானதும் மூச்சு விடலாம் என்று தோன்றும். உண்மையில் நாட்களை எண்ண வேண்டியது அப்போதுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பதிவுக்குக் கொடுக்கும் காலம் குறுகியது. அதைத் தவறவிட்டால் அந்த இடம் வெற்றிடமாகக் கணக்கிடப்பட்டு வேறொருவருக்குப் போய்விடும். தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி இல்லாமல், தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதம் நாட்கணக்கில் அங்கேயே கிடந்த கதை மலையகம் முழுக்க உண்டு. இப்போது அறிவித்தல் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் வருகிறது, பதிவும் இணையத்தில். பழைய சிக்கல் தீர்ந்த இடத்தில் புதியது முளைத்திருக்கிறது. விண்ணப்பத்தை டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் நிரப்பும்போது கடைக்காரரே ஒரு மின்னஞ்சலைத் திறந்து கொடுத்துவிடுகிறார். கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பரீட்சைக்கும் அனுமதிக்கும் நடுவே ஓராண்டுக்கு மேலும் ஓடிவிடுகிறது. அதற்குள் பிள்ளை கொழும்பில் ஒரு கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேர்ந்து, தொலைபேசி எண்ணையும் மாற்றியிருக்கும். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை மாற்றாமல் வைத்திருப்பது, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைப்பது, கிழமைக்கொரு முறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தைப் பார்ப்பது: இந்த மூன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடசாலை ஆசிரியர் போதும்.

அடுத்தது ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் வேறொன்று என்பது தோட்டங்களில் சாதாரணம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதியபோது ஓர் எழுத்து மாறியிருக்கும். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக விழுந்திருக்கும். பதினெட்டு வயது வரை இதனால் எந்த இடைஞ்சலும் வராது. பல்கலைக்கழகப் பதிவு மேசையில் மூன்று தாள்களும் ஒன்றாக விரிக்கப்படும்போதுதான் வில்லங்கம் கிளம்பும். சத்தியக்கடதாசி, பிரதேச செயலகம், பதிவாளர் என்று அலைவதற்கு அந்தக் குறுகிய காலம் போதாது. பெறுபேறு வருவதற்கு முன் சும்மா கிடக்கும் மாதங்களில் இதைச் சரிசெய்துவிடலாம்.

அலைச்சலுக்குக் கூலியும் போகிறது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம், விழாது. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. வருமானச் சான்றுக்காகக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாளும் பிரதேச செயலகத்தில் இன்னொரு நாளும் அம்மா காத்திருந்தால் அந்தக் கணக்கிலேயே 2700 ரூபாய் போயிற்று. பஸ் காசு தனி. அதனால்தான் பல வீடுகளில் இந்த வேலை கடைசி நாள் வரை தள்ளிப் போகிறது. அதை அசட்டை என்று சொல்வது அநியாயம்.

உதவிப் பணமும் உடனே வந்துவிடாது. லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மகாபொல நிதியம் ஏழை மாணவருக்குப் பெரிய துணை. மாதத் தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ரூபாயிலிருந்து 7500 ஆனது. மகாபொல கிடைக்காதவருக்கான பர்சரியும் கூடியது. ஆனால் தெரிவு முடிந்து முதல் தவணை கணக்கில் விழச் சில மாதங்கள் பிடிப்பது வழக்கம். அந்த மாதங்களுக்கான சாப்பாடும் பஸ்ஸும் போட்டோப் பிரதியும் கைக்காசில்தான். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, மூன்று நான்கு மாதத்துக்குத் தாங்கும் சிறு கையிருப்பு, இரண்டும் பெட்டி வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை. வீட்டில் போடும் சீட்டு இருந்தால், அதை எடுக்கும் முறையை அந்த மாதத்துக்கு மாற்றிக் கேட்கலாம்.

மொழி விஷயத்தில் சப்ரகமுவப் பிள்ளையின் நிலை நுவரெலியாப் பிள்ளையின் நிலை போன்றதல்ல. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தேயிலையோடு றப்பரும் உண்டு. கொழுந்து எடுப்பவர் ஒரு பக்கம், பால் வெட்டுபவர் மறுபக்கம். கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசிச் சிங்களம் சரளமாக வந்துவிடும். பெலிஹுல்ஓயாவில் விடுதி அறையைப் பகிரவும் அலுவலகத்தில் கேள்வி கேட்கவும் அது பெரிய பலம். தயங்க வைப்பது ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு பெரும்பாலும் முதல் விரிவுரையே ஆங்கிலத்தில் நடக்கிறது. பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் ஆங்கிலப் பயிற்சி நடத்துகின்றன. அந்த வகுப்புகளுக்குப் புள்ளி இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் இரண்டாம் பருவத்தில் வருந்துகிறார்கள். காத்திருக்கும் மாதங்களில், போகப்போகும் பாடத்தின் அடிப்படைச் சொற்களையாவது ஆங்கிலத்தில் வாசித்துப் பழகினால் முதல் மாதச் சுமை பாதியாகும். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகிறவருக்கு வேறொரு சங்கடம். மொழி தமிழ்தான், ஆனால் வாய் திறந்ததும் பேச்சை வைத்தே மலையகம் என்று அறிந்துவிடுவார்கள். சிலர் அன்போடு விசாரிப்பார்கள், சிலர் கேலி செய்வார்கள். அதற்காகத் தன் பேச்சை ஒளிக்க வேண்டியதில்லை என்று வீட்டிலேயே ஒருவர் சொல்லி அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெற்றோர் தூக்கத்தைக் கெடுப்பது பகிடிவதை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்து முதலாமாண்டு மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையில் கட்டாயப்படுத்திச் செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் கொடுமை நின்றபாடில்லை. 2025 ஏப்ரலில் சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதைக் குற்றச்சாட்டில் மாணவர் சிலர் கைதாயினர்.

சட்டம் இருந்தும் புதுமுகர் ஏன் வாய் திறப்பதில்லை? அடிக்குப் பயப்படுவதை விடத் தனித்துப் போவதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மூத்த மாணவர் மாலையில் நடத்தும் ‘குப்பி’ வகுப்பும், பழைய வினாத்தாளும், பாடக் குறிப்பும் கைமாறும் வழி அந்த மூத்தவர்களிடமே இருக்கிறது. எதிர்த்தவர் ‘அன்டி ரேக்’ என்று ஒதுக்கப்பட்டால் அது அடைபடும். வசதியுள்ள பிள்ளை வெளியே ரியூஷனுக்குப் போய்விடும், தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. எனவே ‘பயப்படாதே, முறைப்பாடு செய்’ என்று மட்டும் அறிவுரை சொன்னால் போதாது. யாரிடம் போவது என்பதைப் போகுமுன்னரே கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்: பீடத்து மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், ஆணைக்குழுவின் இணைய முறைப்பாட்டுப் பக்கம், பொலிஸ். இவற்றோடு, அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம்பகமான ஒரு மலையக அக்கா அல்லது அண்ணனின் எண். ராத்திரியில் பிள்ளை முதலில் அழைப்பது அந்த எண்ணைத்தான்.

திசைமுகப்படுத்தல் மேடையில் சொல்லப்படுபவற்றில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியவை சில உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணிநேரக் கற்றல். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. வகுப்பில் ஆசிரியர் நிற்கும் நேரம் அதில் சிறு பங்கு. மீதியை நூலகத்திலும் அறையிலும் தானே படித்து நிரப்ப வேண்டும். பாடசாலையில் ஆசிரியர் குறிப்புச் சொல்லச் சொல்ல எழுதிய பழக்கத்தில் வளர்ந்தவருக்கு இது மிகப் பெரிய மாற்றம். பல பீடங்களில் 80 வீத வரவில்லாமல் பரீட்சை எழுத முடியாது. வீட்டில் சாவு, திருவிழா என்று ஊருக்குப் போகும்போது அந்தக் கணக்கு மனத்தில் இருக்க வேண்டும். நோய் என்றால் எந்த மருத்துவரின் சான்று செல்லும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பதிவு நாளில் பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு, அவர்கள் மொழியில், அரை மணி நேரமாவது தனியாகப் பேச வேண்டும். பெலிஹுல்ஓயாவுக்கு வரும் எட்டியாந்தோட்டைத் தகப்பன் மகளின் விடுதி எங்கே, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பும் ஏற்பாடு செலவு மிகுந்ததல்ல. தமிழ் பேசும் விரிவுரையாளர் ஒருவரும், மூத்த மாணவர் இருவரும், நான்கு பக்கத் தமிழ்க் கையேடும் போதும்.

தோட்டத்தின் பங்கு அதைவிடச் சுலபம். வெட்டுப்புள்ளி வெளியாகும் கிழமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாடசாலையோ கோயில் நிர்வாகமோ ஒதுக்கலாம். விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவரை அழைக்கலாம். சமாதான நீதவான் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தால் சத்தியக்கடதாசியும் அங்கேயே முடியும். ஆவணங்களைச் சரிபார்க்க ஓர் ஆசிரியரும், இணையப் பதிவு செய்துகொடுக்க மடிக்கணினி வைத்திருக்கும் ஓர் இளைஞரும் வேண்டும். ஞாயிறாக இருந்தால் அம்மாவுக்குப் பேரும் போகாது. அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதவிருக்கும் பிள்ளைகளையும் அன்றே வரச் சொல்லி, ஆணைக்குழுவின் தமிழ்க் கைநூலை அவர்கள் முன் விரித்து, எந்தப் பாடத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று காட்டத் தொடங்கலாம்.